முச்சந்தியும் முட்டுச் சந்தும்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மனை விளம்பரம் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. வாங்குகிற உத்தேசமெல்லாம் இல்லை. நல்ல கற்பனை இருக்கும், அதற்காக. ‘பஸ் ஸ்டாப் 3 நிமிடம், ரயில்வே ஸ்டேஷன் 10 நிமிடம், இன்ஜினீயரிங் காலேஜ் 7 நிமிடம்.’ யாருக்கு மூன்று நிமிடம் என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. நான் விசாரித்தவரையில் அது சிறகு உள்ளவர்களுக்கு. கால் உள்ளவர்களுக்கு வேறே கணக்கு.

ஆபீஸில் எனக்கு அடுத்த ஸீட்டில் இருக்கும் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மேடவாக்கம் தாண்டி ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தார். ‘‘அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை வந்து பாத்துடுங்க ஸார்’’ என்றார். போனேன். மூன்றாவது மாடி. நல்ல காற்று. பால்கனியில் நின்றால் பஸ் ஸ்டாப் தெரிகிறது. நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது.

‘‘பாத்தீங்களா ஸார், இங்கேருந்து கையைத் தட்டினா டிரைவர் திரும்பிப் பார்ப்பார்!’’

‘‘வாங்க, நடந்துபோய் அந்த ஸ்டாப் பக்கத்துல ஒரு டீ சாப்பிடலாம்’’ என்றேன்.

கீழே இறங்கி பஸ் ஸ்டாப் இருக்கிற திசையில் நடந்தோம். ஆறு வீடு தாண்டியதும் ஒரு காம்பவுண்டு சுவர். மேலே உடைந்த பாட்டில் கண்ணாடி பதித்திருந்தது. தெரு அங்கே சமாதி. திரும்பி வந்து, எதிர்த் திசையில் போய், மெயின் ரோட்டைப் பிடித்து, தண்ணீர் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டே நடந்து, ஒரு கல்யாண மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை அடைந்தபோது என் வாட்சில் இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. நேராகப் போக முடிந்திருந்தால் இருநூறு மீட்டர் இருந்தால் ஜாஸ்தி.

தம்பி டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ‘‘பைக் இருக்கே ஸார்.’’

சென்னை ட்ராஃபிக்கின் மொத்தக் கதையும் அந்த மூன்று வார்த்தைக்குள் அடக்கம்.

* * *

தெரு விஷயத்தில் தமிழ் கொஞ்சம் விவரமான பாஷை. நாலு வழி கூடினால் நாற்சந்தி. மூன்று கூடினால் முச்சந்தி. ஒன்று மட்டும் வந்து சுவரில் மோதி நின்றால் முட்டுச் சந்து. நம் பாட்டிகளுக்குத் தெரிந்த இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது.

கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்று இரண்டு பேர், அமெரிக்கா பூராவும் உள்ள தெருக்களைக் கம்ப்யூட்டரில் போட்டு எண்ணி 2015-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் மார்க். முட்டுச் சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. சராசரி போட்டால் ஊரின் லட்சணம் தெரிந்துவிடும். (இரண்டு மார்க் கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாது. இரண்டு முனை மட்டும் சேர்ந்தால் அது வெறும் வளைவு, சந்திப்பில்லை.) எந்தத் தெரு எந்த வருஷத்தில் போட்டது என்று எப்படித் தெரியும்? அதில் உள்ள வீடுகள் கட்டிய வருஷத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இப்படி ஒரு நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்ததில், புதிதாகப் போட்ட தெருக்களின் மார்க் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்து 1994 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பிறகு மெல்ல ஏற ஆரம்பித்திருக்கிறது. அமெரிக்காக்காரன் முட்டி முட்டி, கடைசியில் கொஞ்சம் திரும்பியிருக்கிறான்.

அதே இரண்டு பேர் 2020-ல் உலகம் முழுவதையும் எண்ணினார்கள். 1975-லிருந்து உலகத்தில் புதிதாகப் போடப்படும் தெருக்கள் மொத்தத்தில் ஒன்றோடொன்று சேராமல் விலகிக்கொண்டே போகின்றன என்று தெரிந்தது. அவர்கள் விடுகிற பாதையை நாம் பிடித்துக்கொள்வது புதிதில்லையே.

இதில் கவலைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. பஸ் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் புது பஸ் விடலாம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு தேர்தலுக்குள் சரி பண்ணலாம். தெரு அப்படியில்லை. ஒரு தடவை போட்டு, இரண்டு பக்கமும் மனையை விற்று, பத்திரம் பதிந்துவிட்டால் முடிந்தது கதை. வீடு இடிந்து வேறு வீடு வரும், அது இடிந்து அடுக்கு மாடி வரும், அதில் தாத்தா போய்ப் பேரன் வருவான். தெரு மட்டும் அங்கேயே கிடக்கும். மயிலாப்பூர் மாட வீதிகளில் பழைய வீடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீதி இருந்த இடத்தில் இருக்கிறது.

* * *

மயிலாப்பூர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோயில் ஊர்களில் தெரு ஏன் சுற்றி வந்து சேர்கிறது? என் சொந்த சித்தாந்தம் ஒன்று உண்டு: தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டுமென்றால் நாலு பக்கமும் வழி வேண்டும், மூலையில் திரும்ப அகலம் வேண்டும். மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக அடுக்கியிருக்கிறார்களே, அங்கே வழி தவறிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டவர் யாரும் இருக்க முடியாது. நடந்துகொண்டே இருந்தால் மறுபடி கோபுரம் வந்துவிடும்.

சென்னைக்கு வருவோம். 1920-ல் மதராஸ் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சூட்டில், மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உண்டாக்கினார்கள். (ஏரியின் ஞாபகார்த்தமாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. வியூவுக்கு லேக் இல்லை.) ஏரியைத் தூர்த்தது புண்ணிய காரியமா என்பதை மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால், தெருவைப் போட்டவர் கைக்கு மோதிரம் போட வேண்டும். பனகல் பார்க்கை நடுவில் வைத்து, அங்கிருந்து அகலமான ரோடுகளை நாலா பக்கமும் விட்டு, இடையில் சின்னத் தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்திருக்கிறார்கள். தீபாவளி ஸீஸனில் உஸ்மான் ரோடு ஸ்தம்பித்து நிற்கும்போது அந்த ஏரியா ஆட்டோக்காரர் ஒருவரிடம் உங்களை ஒப்படைத்துப் பாருங்கள். இடது, வலது, இடது, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மாவு மில், வெளியே வந்துவிடுவார். அவர் சாமர்த்தியத்தில் பாதி, தெரு போட்டவர் புண்ணியம்.

அடுத்தது அண்ணா நகர். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது, டவர் அப்போது கட்டியது. ஹவுஸிங் போர்டு அவென்யூ, மெயின் ரோடு, கிராஸ் தெரு என்று கட்டம் போட்டு வளர்த்தது. ஒய் பிளாக், இசட் பிளாக் என்று இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தீர்ந்துபோய் ஏ.எஃப். பிளாக் என்றெல்லாம் போனதில் விலாசம் கெமிஸ்ட்ரி ஃபார்முலா மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லை, போய்ச் சேர்ந்துவிடலாம்.

அதற்கப்புறம்தான் தகராறு. 1970-களில் வந்த சி.எம்.டி.ஏ.வுக்கு (அப்போது எம்.எம்.டி.ஏ.) பொறுப்பாகக் கொடுத்த பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். மாநகராட்சி 2011-ல் 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஊதியது. பக்கத்தில் இருந்த 42 நகராட்சி, பேரூராட்சி, கிராமப் பஞ்சாயத்துகளை ஒரே வாயில் போட்டுக்கொண்டது. 2022-ல் பெருநகரப் பரப்பையே 5,904 சதுர கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். ஊர் பெரிசாகிறது, சரி. பெரிசான இடத்தில் தெருவை யார் போட்டார்கள்?

யாரும் போடவில்லை. அதாவது, எல்லோரும் போட்டார்கள்.

* * *

இதற்கு நாம் சர் தாமஸ் மன்ரோவிடம் போக வேண்டும். மௌண்ட் ரோடில் தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்ததில் முக்கியப் புள்ளி. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல், ஒவ்வொரு வயலாக அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக வரி வாங்குவது. அதனால் நம் பக்கத்தில் நிலம் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் ஒரு சர்வே நம்பரோடு, ஒவ்வொருத்தர் பெயரில் இருக்கிறது.

இப்போது ஒரு புரமோட்டர் வருகிறார். மடிப்பாக்கம், மேடவாக்கம், ஊரப்பாக்கம், எங்கேயானாலும் சரி. இரண்டு ஏக்கர் கிடைக்கிறது. நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் மனை, முகப்பில் ஒரு ஆர்ச், ஆர்ச் மேல் அவர் மகள் பெயரில் ஒரு நகர். தெரு எங்கே முடிய வேண்டும்? வயல் முடிகிற இடத்தில். நேற்றுவரை அங்கே வரப்பு இருந்தது. தாண்டிப் போகலாம், மாடு போகும், பள்ளிக்கூடப் பசங்கள் போவார்கள். இன்றைக்கு வரப்பு மேல் ஏழடிச் சுவர். பக்கத்து நிலத்தில் ஐந்து வருஷம் கழித்து இன்னொரு புரமோட்டர். அவர் மனைவி பெயரில் நகர். அவர் தெருவும் அதே சுவரின் மறுபக்கத்தில் வந்து முட்டும். நேருக்கு நேராகவாவது முட்டுமா என்றால், இருபதடி தள்ளி முட்டும். பிற்காலத்தில் யாராவது நல்லவர் சுவரை உடைத்தால்கூட எதிரே ஒருத்தர் வீட்டு ஹால்தான் வரும்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. அனுமதி வாங்கிய மனைப்பிரிவில் தெருவை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்கு இணைப்புச் சாலை விடச் சொல்லவும் அதிகாரிகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால், பேப்பரில் வருகிற மனைப்பிரிவு ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். இரண்டு ஃபைலை ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்ப்பது அந்தப் பக்கத்து முழுத் திட்டம் கையில் இருந்தால்தான் நடக்கும். அனுமதியே வாங்காமல் போட்ட மனைகள் வேறே. 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. பணத்தைக் கட்டினால் மனை வரன்முறை ஆகிவிடும். முட்டுச் சந்து திறந்துகொள்ளாது.

ஆக, சென்னைக்குத் தெற்கே ஒரு பெரிய பிரதேசத்தின் வரைபடத்தைப் போட்டவர், யோசித்துப் பார்த்தால், பழைய தாசில்தார் ஆபீஸ் சர்வேயர்தான். வரி வசூலுக்காகச் சங்கிலி பிடித்து அளந்த வயல், இன்றைக்கு நீங்களும் நானும் பால் வாங்கப் போகிற வழியைத் தீர்மானிக்கிறது. பழைய ஊர்களைச் சேர்த்த வண்டிப் பாதைகள் மெயின் ரோடு என்று பெயர் வாங்கிக்கொண்டன. மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கிற அகலம். அதில்தான் இத்தனை நகர்களும் தங்கள் ஒற்றை வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன.

* * *

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ கணக்குதான். நாலு பிளாக் நீளம், நாலு பிளாக் அகலம் கொண்ட ஒரு கட்டம் போட்ட காலனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் திரும்பி வராமல் போக எத்தனை வழி? எழுபது. எல்லாம் ஒரே தூரம். அதில் ஒரு தெருவில் குடிநீர் வாரியம் பள்ளம் தோண்டினாலும், இன்னொன்றில் கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டாலும் உங்களுக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. அதே காலனி மரக்கிளை மாதிரி இருந்தால்? ஒரே வழி. அதில் பள்ளம் விழுந்தால் நீங்களும் விழுந்தீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வராத பல பேர்கூட வெளியே போக முடியாமல் மொட்டை மாடியில் நின்றார்கள். உள்ளே போகிற ஒரே ரோடு பள்ளத்தில் இருந்தால் மேட்டில் இருக்கிற வீடும் தீவுதான்.

எழுபது வழி உள்ள ஊரில் கூட்டம் எழுபதாகப் பிரியும். ஒரு வழி உள்ள ஊரில் எல்லாரும் மெயின் ரோட்டுக்கு வந்தாக வேண்டும். அரை லிட்டர் பால், கொத்தமல்லிக் கட்டு, ஜெராக்ஸ், எல்லாம் மெயின் ரோடு வழியாக. நடந்து போகிற தூரம் இருபது நிமிஷமானதும் பைக்கை எடுக்கிறோம். எல்லாரும் பைக்கை எடுத்ததும் மெயின் ரோடு நெரிகிறது. ரோடு நெரிந்ததும் அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுக்கிறோம். அகலப்படுத்தியதும் நடந்து கடக்க முடியாமல் போகிறது. நடுவில் தடுப்புச் சுவர் வேறு.

பெரிய அளவிலும் இதே கூத்து. ஓ.எம்.ஆர். ஒரு பக்கம், ஈ.ஸி.ஆர். ஒரு பக்கம், நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய். இரண்டு ரோடும் பல மைல் தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போகப் போகக் குறுக்கே போக முடிகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தார்களே, அன்றைக்கு எதிரே ஜி.எஸ்.டி. ரோடுக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஏறத்தான் முடியாது. அதற்கென்று ஸ்டேஷன் அப்போது கட்டியிருக்கவில்லை. வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் போய் ஏற வேண்டும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலை வேடிக்கை பார்த்த ஜனங்களுக்கு இணைப்பு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்வழக்கும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். முட்டுச் சந்தில் பசங்கள் நிம்மதியாக கிரிக்கெட் ஆடலாம். ஸ்டம்பை எடுத்து எடுத்து வைக்க வேண்டாம். ஷார்ட் கட் என்று ஷேர் ஆட்டோ புகுந்து ஹாரன் அடிக்காது. 1929-ல் நியூஜெர்ஸியில் ராட்பர்ன் என்ற ஊரை கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் இந்த எண்ணத்தில்தான் வடிவமைத்தார்கள். வீட்டு வாசலுக்கு கார் போகிற தெருக்கள் முட்டுச் சந்து. ஆனால், அந்தப் புண்ணியவான்கள் வீடுகளுக்குப் பின்பக்கமாக நடைபாதை விட்டு, அதைப் பூங்கா வழியாகக் கோத்து, ரோடு குறுக்கே வந்தால் அதற்கு அடியில் சுரங்கம் போட்டுப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோனார்கள். வண்டிக்கு முட்டு, காலுக்கு வழி. நாம் முதல் பாதியை மட்டும் காப்பி அடித்தோம். பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைத் திருப்புவதற்குள் மணி அடித்துவிட்டது போலிருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. திருஷ்டி சுற்றிப்போட முச்சந்தி மண் வேண்டும் என்பார்கள். ஒரே வாசல், ஒரே தெரு என்று கட்டிய குடியிருப்பில் முச்சந்திக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த ஒரு மாமி பேரனுக்கு ஜுரம் வந்தபோது மண் எடுத்துவர வாட்ச்மேனை சைக்கிளில் மெயின் ரோட்டுக்கு அனுப்பினார். அவர் கொண்டுவந்தது தார்.

* * *

நான் குடியிருக்கிற புறநகர்ப் பேட்டையிலும் ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் நகருக்கும் அடுத்த நகருக்கும் நடுவில். எந்தக் காலத்திலோ நாலு செங்கல் விழுந்து, பிறகு எட்டாகி, ஒரு ஆள் குனிந்து நுழைகிற ஓட்டை. காலையில் ஆறு மணிக்கு அதன் வழியாக வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வருவார்கள். எட்டு மணிக்கு ஸ்கூல் பசங்கள் போவார்கள். ஒன்பதுக்கு நான் போவேன், அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் இருக்கிறது. அஞ்சு நிமிஷம். சுற்றிப் போனால் இருபத்தைந்து.

சங்கத்து செக்ரட்டரி போன மாதம் அதை அடைத்துவிடப் போவதாக நோட்டீஸ் போட்டார். காரணம்: பாதுகாப்பு. இரண்டு சைக்கிள் காணாமல் போயிருந்தது.

மீட்டிங்கில் நல்ல கூட்டம். வழக்கமாகக் கணக்கு வாசிக்கிறபோது பத்து பேர்தான் இருப்போம். ‘‘திருடன் அந்த வழியாத்தான் வர்றான்’’ என்றார் ஒருவர். ‘‘நீங்க பாத்தீங்களா?’’ என்றார் இன்னொருவர். ‘‘பாத்திருந்தா பிடிச்சிருக்க மாட்டேனா?’’ ரிட்டயரான போலீஸ்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அவர் எழுந்து, ‘‘ஸார், திருடன் போக வர ஆளில்லாத இடத்தைத்தான் தேடுவான். அடைச்சிட்டீங்கன்னா அந்த மூலைக்கு யாரும் வரமாட்டாங்க. அப்புறம் அவன் சுவர் ஏறிக் குதிக்க வசதியா இருக்கும்’’ என்றார். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள் 1961-ல் ஒரு புத்தகமே போட்டு, தெருவைக் காப்பாற்றுவது அதில் போகிற வருகிறவர்களின் கண்கள் என்று அமெரிக்காவில் வாதாடியிருக்கிறார். திண்ணைப் பாட்டிகள் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு இன்றைக்கு சி.சி.டி.வி. வாங்கக் கொட்டேஷன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்று வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. செக்ரட்டரி, ‘‘நீ சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?’’ என்றார்.

‘‘அடைச்சா சுத்தித்தான் வரணும் ஸார். ஷேர் ஆட்டோவுக்கே மாசம் ஐநூறு ரூபா போயிடும். நடந்து வரலாம்னா காலைல மெயின் ரோடு இருட்டா இருக்கு, லாரி போகுது. என் பொண்ணும் அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவுது. நீங்க அடைக்கறதுன்னா, ஒரு வாரம் முன்னாடி சொல்லிடுங்க, நான் வேற பக்கம் வீடு பாத்துக்கறேன்.’’

ஐநூறு ரூபாய் என்பது அவருக்கு ஒரு வீட்டுச் சம்பளத்தில் கணிசமான பங்கு. அந்த ஓட்டைக்கு விலை போட வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம். அவரை மாதிரி பதினைந்து பேராவது வருகிறார்கள். அதை எந்த பட்ஜெட்டிலும் பார்க்க முடியாது, யாருடைய சொத்தும் பறிபோகவில்லை, ஒரு பத்திரமும் மாறவில்லை. எட்டு செங்கல் வைத்துப் பூசினால் பதினைந்து குடும்பங்களின் ஆறு மணி, ஐந்தரை மணியாகிவிடும்.

நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். கோட்டையிலும் பெரிய கோயிலிலும் ராத்திரி பெரிய கதவைச் சாத்தினாலும் அதிலேயே ஒரு ஆள் நுழைகிற சின்னக் கதவு இருக்கும். திட்டிவாசல் என்று பெயர். அந்த மாதிரி ஓட்டை இருக்கிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு போடுவோம். காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கட்டும். அப்புறம் வாட்ச்மேன் பூட்டட்டும். மேலே ஒரு லைட். ‘‘செலவு?’’ என்றார் பொருளாளர். வீட்டுக்கு இருநூறு ரூபாய் ஆகும் என்றேன். திருட்டுக்கு பயந்தவர்கள்கூட இருநூறுதானே என்று சம்மதித்தார்கள். சுவரின் அந்தப் பக்கத்து சங்கத்தில் பாதிச் செலவைக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னதும் உற்சாகம் இன்னும் கூடியது. அவர்கள் பெயரை நாங்கள் உச்சரித்ததே பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஓட்டுப் போட்டோம். 41-க்கு 17. கதவு.

இப்போது தகராறு அகலத்தில். இரண்டடி விட்டால் ஆள் போகலாம், பைக் ஹேண்டில் இடிக்கும். பைக் நுழையாமல் இருந்தால்தான் நல்லது என்று ஒரு கட்சி. எங்கள் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் வீல்சேரில் இருக்கிறார். அந்தப் பக்கம் உள்ள பிஸியோதெரபி கிளினிக்குக்கு இப்போது ஆட்டோ வைத்துக்கொண்டு சுற்றிப் போகிறார். வீல்சேருக்கு மூன்றடி வேண்டும். மூன்றடி விட்டால் பைக் வந்துவிடும். குறுக்கே குழாயை வளைத்துப் போட்டால் பைக் வராது, ஆனால் வீல்சேரும் வராது. பெரியவருக்குத் தனிச் சாவி கொடுக்கலாமே என்றால், தனிச் சாவி என்று ஆரம்பித்தால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறார் செக்ரட்டரி.

வெல்டர் வந்து அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டடிக் கட்சியும் மூன்றடிக் கட்சியும் தனித்தனியாக அவருக்கு போன் பண்ணிவிட்டார்கள். முடிவு தெரியாமல் கம்பியை வெட்டமாட்டேன் என்று அவர் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை ஓட்டை திறந்திருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும்.